ஆல்பர்ட் கிங் 1953-க்கும் 1966-க்கும் இடையில் எதைக் கற்றுக்கொண்டார்?

இடக்கைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான புளூஸில் பெயர்பெற்ற கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் பதிவுகளைக் கால வரிசைப்படி கேட்டுவருகையில் எழுந்த ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். 1953-இல் சிகாகோவின் பாரட் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த 'பேட் லக் புளூஸ்' பாடலையும், 1967-இல் ஸ்டாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டையும் வாசித்தவர் ஒருவர்தான் என்று நம்பவே சற்று நேரம் பிடிக்கிறது. முதலாவது அக்காலத்து புளூஸ் பதிவுகள் பலவற்றுள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. இரண்டாவதிலோ முதல் இரண்டு சுரங்கள் ஒலித்த மாத்திரத்திலேயே வாசிப்பவர் யாரென்று தெரிந்துவிடுகிறது.

அவருக்கு முறையான ஆசிரியர் எவரும் இருந்ததில்லை என்றும், இடக்கைப் பழக்கமுள்ள அவர் வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்திகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார் என்றும் படித்திருக்கிறேன். அவருடைய தனித்துவம் அனைத்தும் அந்தத் தலைகீழ்ப் பிடியின் விளைவுதான் என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மையானால் 1953-இலேயே அந்த ஒலி முழுமையாக வந்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்டாக்ஸில் சேர்ந்தபோது அவருக்கு வயது 42. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் அவர் கற்றது என்ன, எங்கே, யாரிடம்?

நானும் இடக்கைக்காரன். நான் சேர்ந்த வகுப்பில் வலக்கைக்கு மாறிக்கொண்டால்தான் சொல்லித்தர இயலும் என்றார்கள். அதனால் இப்போது வீட்டிலேயே தனியாகப் பயில்கிறேன். ஆகவே தந்திகளை மாற்றிக் கட்டுவதா, கிங்கைப்போல் அப்படியே விட்டுவிடுவதா என்பதும் எனக்கு நடைமுறைக் கேள்வியாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதலாம்.

பழையதட்டு எழுதியது:

நல்ல கேள்வி. கிங்கைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 1966-இல் தொடங்கிவிடுவதால், அதற்கு முந்தைய 20 ஆண்டு உழைப்பு கண்ணில் படாமலே போய்விடுகிறது. சற்றுப் பின்னால் சென்று தொடங்குகிறேன்.

அவருடைய இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். 1923 ஏப்ரல் 25-ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். பிறந்த ஊர் இண்டியனோலா என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவந்தார். 1942-இல் அவர் நிரப்பிய சமூகப் பாதுகாப்பு விண்ணப்பமோ அபர்டீன் என்ற ஊரைச் சுட்டுகிறது. இண்டியனோலாவோடு தொடர்புடையவர் புகழ்பெற்ற புளூஸ் கலைஞர் பி.பி. கிங். அவருடைய பாடல் 1952-இன் தொடக்கத்தில் பெருவெற்றி பெற்ற பிறகுதான் நெல்சன் தம் பெயரைக் கிங் என்று மாற்றிக்கொண்டார், இருவரும் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார், பி.பி.யின் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் இருக்க, தம்முடையதற்கு லூசி என்று பெயரிட்டார். உறவுக் கதையைப் பி.பி. ஏற்கவில்லை, ஆயினும் பகைமை பாராட்டவுமில்லை. புகழ்பெற்ற ஒருவரின் நிழலில் ஒதுங்கி நிற்க வேண்டிய நிலையில் அவர் 30 வயதில் இருந்தார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

வளர்ந்தது ஆர்கன்சா மாநிலத்தில், ஃபாரஸ்ட் சிட்டிக்கு அருகில். சிறுவயதிலேயே பருத்தி எடுக்கும் வேலைக்குப் போனார். முதல் கிட்டாரைத் தாமே செய்துகொண்டார்: சுருட்டுப் பெட்டி உடலாகவும், மரக்கிளை கழுத்தாகவும், துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பி தந்தியாகவும் அமைந்தன. பின்னர் 1.25 டாலருக்கு ஒரு உண்மையான கிட்டார் கிடைத்தது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், டி-போன் வாக்கர் ஆகிய முன்னோடி புளூஸ் கலைஞர்களின் வாசிப்பு அவர் காதில் ஏறியிருந்தது. ஆர்கன்சாவின் ஓசியோலா என்ற சிற்றூரில் 'இன் த குரூவ் பாய்ஸ்' என்ற குழுவில் வாசித்தார். பகலில் புல்டோசர் ஓட்டுவது உட்பட உடலுழைப்பு வேலைகளும், இரவில் இசையுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. பிற்காலத்தில் 'வெல்வெட் புல்டோசர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்த வேலை ஒரு காரணம், ஆறடிக்கும் மேற்பட்ட பேருருவமும் மென்மையான குரலும் இன்னொரு காரணம்.

இனி உங்கள் 13 ஆண்டுகளுக்கு வருகிறேன். 1950-களின் தொடக்கத்தில் அவர் வடக்கே இண்டியானா மாநிலத்தின் கேரி நகரத்துக்குச் சென்றார். அங்கே ஜிம்மி ரீட் என்ற புளூஸ் பாடகருக்குப் பின்னால் அவர் வாசித்தது கிட்டார் அன்று, டிரம்ஸ். இந்தச் செய்தியைப் பலரும் ஒரு வேடிக்கையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கோ, அவருடைய வளர்ச்சியில் இதுவே முக்கியமான திருப்பம் என்று தோன்றுகிறது. ஜிம்மி ரீடின் இசை விரைவானதோ சிக்கலானதோ அன்று. ஒரே சீரான நடையில், அவசரமின்றிச் செல்வது. அதற்குத் தாளம் பிடித்தவருக்கு எங்கே அடிக்காமல் இருக்க வேண்டும் என்பது கைவந்துவிடும். பிற்காலத்துக் கிங், பாடல் வரி முடிந்ததும் உடனே பாய்ந்து வாசிக்காமல், ஒரு தட்டு தள்ளி நின்று நுழைகிறார். அந்த நிதானத்தை வேறு எந்த இடத்திலும் அவர் பெற்றிருக்க வாய்ப்பில்லை என்றே கருதுகிறேன்.

பாரட் நிறுவனத்துக்கான பதிவு அந்தக் காலத்ததுதான். அது பெரிதாக விற்கவில்லை. அவரும் தெற்கே திரும்பிவிட்டார். 1956-ஆம் ஆண்டு வாக்கில் செயின்ட் லூயிஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், இலினாய் மாநிலத்தில் உள்ள லவ்ஜாய் அவருடைய இருப்பிடமாயிற்று. 1971-இல் ஓர் இசைத்தொகுப்புக்கே அந்த ஊரின் பெயரை வைத்தார். அப்போது அந்த வட்டாரத்தில் ஐக் டர்னர், லிட்டில் மில்டன் என்ற இசைக்கலைஞர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். சாக்ஸபோன், ட்ரம்பெட், பியானோ எல்லாம் அடங்கிய பெரிய குழுக்கள் அங்கே வழக்கம். 1959 முதல் பாபின் என்ற உள்ளூர் நிறுவனத்துக்காகக் கிங் பதிவுசெய்த பாடல்களில் அந்தக் குழு ஒலியைக் கேட்கலாம். 1961-இல் 'டோன்ட் த்ரோ யுவர் லவ் ஆன் மீ சோ ஸ்ட்ராங்' என்ற பாடல் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) விற்பனைத் தரவரிசையில் 14-ஆம் இடத்தை எட்டியது. அதைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். கை அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் உலகம் வியந்த அதே நீண்ட இழுப்பு, அதே குறைந்த சுரங்கள். ஆகவே, 1953-க்கும் 1966-க்கும் இடையே ஒரு பெரும் பிளவு இருப்பதாக நீங்கள் கருதுவதை நான் ஏற்கவில்லை. பிளவு இருப்பதெல்லாம் 1953-க்கும் 1959-க்கும் இடையேதான். அதன்பின் மாறியது பெரும்பாலும் அவரைச் சூழ்ந்திருந்த இசையே.

அந்தச் சூழலை அளித்தது மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ். கிழக்கு மெக்லமோர் அவென்யூவில், பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கறுப்பினத்தவரின் சோல் இசைக்குப் பெயர்பெற்ற அந்த நிறுவனம் 1966-இல் கிங்கைச் சேர்த்துக்கொண்டது. பின்னணியில் அமர்ந்தவர்கள் புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ் குழுவினர்: ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ், கிட்டாரில் ஸ்டீவ் குராப்பர், பேஸ் கிட்டாரில் டொனால்ட் டன், டிரம்ஸில் ஆல் ஜாக்சன். மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ் குழுவினர் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் ஊதினார்கள். எம்ஜிஸ் நால்வரும் நாள்தோறும் சேர்ந்து வாசிப்பவர்கள். ஒருவர் விட்ட இடைவெளியை இன்னொருவர் நிரப்பிக் கெடுக்க மாட்டார்கள்.

'கிராஸ்கட் சா' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1941-இலேயே டாமி மெக்லெனன் பதிவுசெய்த பழைய மிசிசிப்பி டெல்டா வட்டாரத்துப் பாடல். ஸ்டாக்ஸ் பதிவில் ஆல் ஜாக்சன் அதற்கு லத்தீன் அமெரிக்கச் சாயல் கொண்ட ஒரு புதிய நடையைப் போட்டார். கிங்கோ தம் வாசிப்பில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. தொகுப்பின் தலைப்புப் பாடலை எழுதியவர்கள் புக்கர் டி. ஜோன்ஸும் வில்லியம் பெல்லும். அதில் புளூஸுக்கு வழக்கமான 12 தாளக்கட்டு வரிசையே கிடையாது. பேஸ் கிட்டாரும் கிட்டாரும் ஒரே சொற்றொடரைச் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்க, பாடல் பெரும்பகுதி ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களின்) மேல் நிற்கிறது. கார்டுகளை அவ்வளவாக நம்பாத கலைஞருக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமைந்திருக்க முடியாது. 1966 மார்ச் முதல் 1967 ஜூன் வரை வெவ்வேறு அமர்வுகளில் பதிவான பாடல்களைத் திரட்டி வெளியிட்டதுதான் அந்தத் தொகுப்பு. ஒரே மூச்சில் திட்டமிட்டுச் செய்ததன்று. எனினும் எங்கும் ஒட்டுப்போட்டது தெரியாது.

ஆறுதந்தி எழுதியது:

பழையதட்டு ஐயா வரலாற்றை விரிவாக எழுதிவிட்டார். கை எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் தலைகீழ்ப் பிடி என்ற விளக்கம் பாதி உண்மைதான்.

வலக்கைக்காரர் கிட்டாரை மடியில் வைக்கும்போது தடித்த தந்தி முகத்துக்கு அருகிலும் மெல்லிய தந்தி தரைப் பக்கமும் இருக்கும். கிங் அதையே திருப்பிப் பிடித்ததால் மெல்லிய தந்தி மேலே வந்துவிட்டது. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. தந்தியை மீட்டும் இடக்கையின் கட்டைவிரல் முதலில் தொடுவது மெல்லிய தந்தியை. அவர் பிக் எனும் மீட்டும் துண்டைப் பயன்படுத்தவில்லை. கட்டைவிரலின் சதையாலேயே அடித்தார். பிளாஸ்டிக் துண்டால் அடிக்கும்போது எழும் கூர்மையான 'டிக்' ஒலி அவரிடம் இல்லாததும், அதே நேரத்தில் ஒவ்வொரு சுரமும் தடித்துப் பருத்து வருவதும் இதனால்தான்.

இரண்டாவது விளைவு இன்னும் முக்கியமானது. கிட்டார் வாசிப்பவர்கள் பெண்ட் என்று சொல்வது, ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை, வீணையின் மெட்டுப் போன்றது) மேல் அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் இழுவிசையைக் கூட்டி, சுரத்தை உயர்த்துவது. நம் வீணைக் கலைஞர்கள் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரங்களைக் காட்டுகிறார்களே, இயக்கம் அதேதான். வழக்கமான கிட்டார் கலைஞர் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ள வேண்டும்; கீழே இழுத்தால் அது பலகையின் ஓரத்தைத் தாண்டி நழுவிவிடும். கிங்குக்கோ அந்தத் தந்தி மேல் ஓரத்தில் இருந்ததால், அவர் அதைத் தரையை நோக்கி, உள்ளங்கைப் பக்கமாக இழுத்தார். ஒரு பொருளைத் தள்ளுவதைவிடப் பிடித்து இழுப்பதில் விரல்களுக்கு வலிமை அதிகம். அவருடைய கையோ மிகப் பெரியது. போதாக்குறைக்கு, அவர் தந்திகளை வழக்கமான சுருதிக்கும் கீழே தளர்த்தி, தமக்கே உரிய ஒரு முறையில் கூட்டிவைத்திருந்தார். இவை மூன்றும் சேர்ந்ததால், மற்றவர்கள் ஒரு முழுச்சுரம் உயர்த்துவதற்கே திணறும் இடத்தில் அவர் ஒன்றரை, இரண்டு என்று எளிதாக ஏறினார்.

ஆனால் ஏற முடிந்தது என்பதால் மட்டும் அது இசையாகிவிடாது. அவர் ஒரே ஃப்ரெட்டில் விரலை வைத்தபடி, ஒரு முறை அரைச்சுரம், அடுத்த முறை முழுச்சுரம், அதற்கடுத்து ஒன்றரை என்று வெவ்வேறு உயரங்களுக்கு இழுக்கிறார்; ஒவ்வொரு முறையும் சுரம் குறித்த இடத்தில் போய் நிற்கிறது. சில வேளைகளில் வேண்டுமென்றே சற்றுக் கீழேயே நிறுத்தி, கேட்பவரைத் தவிக்கவிட்டுப் பிறகு ஏற்றுகிறார். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தால் இது தானாக வந்துவிடாது. புளூஸ் கலைஞர் ஓடிஸ் ரஷ்ஷும் இதே முறையில் பிடித்து வாசித்த இடக்கைக்காரர்தான், ஆனால் அவருடைய இழுப்பு வேறு, அவர் தேர்ந்தெடுத்த இடங்கள் வேறு. எலிசபெத் காட்டனும் அப்படியே தலைகீழாக வாசித்தார். அவர் அந்தப் பிடியிலிருந்து உருவாக்கியதோ, கட்டைவிரலால் பாடல் மெட்டையும் மற்ற விரல்களால் அடிச்சுரத்தையும் வாசிக்கும் மென்மையான நாட்டுப்புற நடை. ஒரே பிடியிலிருந்து மூன்று வேறுபட்ட இசைகள் பிறந்திருப்பதே பிடி மட்டும் காரணமன்று என்பதற்குச் சான்று.

கருவியையும் சொல்லிவிடுகிறேன். 1950-களின் இறுதியில் அவர் வாங்கியது 1958-இல் கிப்சன் நிறுவனம் உருவாக்கிய ஃப்ளையிங் வி. அம்புமுனை போன்ற அந்த வடிவம் அன்றைய சந்தையில் எடுபடவில்லை. இரண்டு ஆண்டுகளில் 100-க்கும் குறைவாகவே அனுப்பிவைத்துவிட்டு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கிங்குக்கு அது வரமாக அமைந்தது. சாதாரண மின்கிட்டாரில், உயர்ந்த ஃப்ரெட்டுகளை எட்டுவதற்காக உடலின் கீழ்ப்பக்கம் வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிப் பிடித்தால் அந்த வெட்டு மேலே போய், கை இடிக்கும். ஃப்ளையிங் வியில் இருபுறமும் ஒரே அளவு. எந்தப் பக்கம் திருப்பினாலும் கழுத்தின் கடைசிவரை கை போகும். 1970-களில் டான் எர்ல்வைன் என்ற கிட்டார் கைவினைஞர் வால்நட் மரத்தில் அவருக்காகவே இடக்கைக்குரிய ஒரு வி வடிவக் கிட்டாரைச் செய்துகொடுத்தார். அதிலும் கிங் தந்திகளைத் தம் பழைய வரிசையிலேயே கட்டிக்கொண்டார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. சரியான இடக்கைக் கருவி கையில் வந்த பிறகும், தாம் கற்ற மொழியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொன்று, அவர் பயன்படுத்திய சுரங்கள் மிகக் குறைவு. கிட்டார் பலகையில் இரண்டு மெல்லிய தந்திகளை ஒட்டிய ஒரு சிறிய இடத்தை இன்றும் கிட்டார் பயில்வோர் 'ஆல்பர்ட் கிங் பெட்டி' என்று அழைக்கிறார்கள். ஐந்தாறு சுரங்கள்தான் அதற்குள் இருக்கும். அதற்குள்ளேயே அவர் ஒரு முழு இரவுக் கச்சேரியை நடத்திவிடுவார்.

இடக்கைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டிரம்ஸ் வாசித்த செய்தி எனக்குப் புதிது. அதன்பின் 'லாண்ட்ரோமாட் புளூஸ்' பாடலை மீண்டும் கேட்டேன், பாட்டுக்கும் கிட்டாருக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி இப்போது தனியாகத் தெரிகிறது. ஒரு கிளைக்கேள்வி: இத்தனை சிறிய சொல்வளத்தோடு ஒருவர் 40 ஆண்டுகள் வாசித்தால் சலிப்புத் தட்டாதா? பிற்காலப் பதிவுகளில் வளர்ச்சி இருக்கிறதா, அல்லது ஸ்டாக்ஸோடு நின்றுவிட்டதா?

தென்கரை எழுதியது:

மேலே எழுதியவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தாமே கற்றவர் என்ற சொல்லை நாம் கொஞ்சம் அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோம். கிங்கின் தந்தை வில் நெல்சனே கிட்டார் வாசிப்பவர். தேவாலயப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த கிங், 'ஹார்மனி கிங்ஸ்' என்ற நற்செய்திப் பாடற்குழுவிலும் பாடியிருக்கிறார். ஓசியோலாவின் டி-99 என்ற இரவு விடுதியில் ஆண்டுக்கணக்கில் கூட்டத்தின் முன் வாசித்திருக்கிறார். ஆட வந்தவர்கள் ஆடாமல் நின்றுவிட்டால் அதைவிடக் கடுமையான தேர்வு எதுவும் இல்லை. காதுக்கு ஆசிரியர்கள் ஏராளம் இருந்தார்கள். கையைப் பிடித்துத் திருத்துவதற்குத்தான் ஒருவரும் இல்லை. டி-போன் வாக்கரின் நெளிவான கார்டுகளும் விரைவான ஓட்டங்களும் அவருடைய தலைகீழ்ப் பிடிக்கு வசப்படவில்லை. ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் முதல் வேலையாக அந்தப் பிடியைத்தான் மாற்றியிருப்பார். கிங் ஒருவேளை இன்னொரு வாக்கராகத் தேர்ந்திருப்பார். சரளமானவராக, ஆனால் இரண்டாமவராக.

இப்போது உங்கள் கிளைக்கேள்வி. சொல்வளம் வளரவில்லை என்பது உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்தும் துணிவு 1968-இல் பெருகியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜான் மேயால் ஆகிய ராக், புளூஸ் கலைஞர்களோடு ஒரே மேடையில் வாசிக்க, அரங்க நடத்துநர் பில் கிரஹாம் கிங்கை அழைத்தார். அதுவரை அவருடைய கேட்போர் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். சிறு விடுதிகளில் மூன்று நிமிடப் பாடல்களுக்கு ஆடுபவர்கள். ஃபில்மோரில் எதிரே அமர்ந்தவர்களோ நீண்ட தனி வாசிப்பைக் கேட்பதற்கென்றே வந்த வெள்ளையின இளைஞர்கள். ஜூனில் அதே அரங்கில் பதிவுசெய்த 'லைவ் வயர்/புளூஸ் பவர்' தொகுப்பில், 'புளூஸ் பவர்' என்ற பாடல் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் கிட்டாரை நிறுத்திவிட்டு, யாரெல்லாம் புளூஸை அறிவார்கள் என்று கூட்டத்தோடு உரையாடுகிறார். குழந்தைக்கும் உண்டு என்கிறார். பின்பு சட்டென்று ஒற்றைச் சுரத்தை உச்சிவரை இழுத்துப் பிடிக்கிறார். அரங்கம் ஆர்ப்பரிப்பது பதிவிலேயே கேட்கிறது. புதிய சுரங்கள் எதுவுமில்லை, ஆனால் நீளத்தைத் தாங்கும் வித்தையை அங்கேதான் அவர் பழகினார்.

அதன் பின்னர் நிறுவனம் அவரை எங்கெல்லாமோ கொண்டுபோய் நிறுத்தியது. 1969-இல் செயின்ட் லூயிஸ் சிம்பொனி இசைக்குழுவோடு வாசித்தார். எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை மட்டும் கொண்ட ஒரு தொகுப்பும் வந்தது. ஆர்வமுள்ளவர்கள் ஒரு முறை கேட்கலாம், இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. 1972-இன் 'ஐ'ல் ப்ளே த புளூஸ் ஃபார் யூ' தான் இந்தக் காலத்தின் உயர்ந்த படைப்பு என்பது என் கருத்து. பார்-கேஸ் குழுவினரின் ஃபங்க் தாளமும் ஹார்ன்ஸும் பின்னே செல்ல, கிங் ஏறக்குறையப் பேசுவதுபோல் பாடுகிறார். கிட்டார் இன்னும் மெதுவாகிறது. 1975 இறுதியில் ஸ்டாக்ஸ் நொடித்துப்போனது. அடுத்து வந்த நிறுவனங்கள் வயலின் கூட்டத்தையும் நடனத் தாளத்தையும் அவர்மேல் அள்ளிப் போட்டன. அவற்றினூடேயும் அந்த இழுப்பு தனித்துக் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வளர்ச்சியை அவருடைய கையில் தேடுவதைவிட மற்றவர்களின் கையில் தேடினால் நிறையக் கிடைக்கும். கிரீம் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஸ்ட்ரேஞ்ச் புரூ' 1967-இல் வெளிவந்தது. அதில் எரிக் கிளாப்டன் வாசிக்கும் தனிப்பகுதி, கிங்கின் 'ஓ பிரெட்டி உமன்' பாடலில் உள்ளதை ஏறத்தாழச் சுரத்துக்குச் சுரம் பின்பற்றுகிறது. புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், ஆன்டோன்ஸ் என்ற இசை விடுதியில், இளைஞராக இருந்தபோதே கிங்கோடு மேடையேறியவர். 1983-இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' பாடல் உலகமெங்கும் ஒலித்தபோது, அதன் இறுதியில் வான் வாசித்த கிட்டார் ஆல்பர்ட் கிங்கின் நேரடி வாரிசு என்பதைப் புளூஸ் கேட்டவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். கிங்குக்கும் அது தெரியாமல் இல்லை.

அதே 1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் கிங்கும் வானும் சேர்ந்து வாசித்தார்கள். 1999-இல் 'இன் செஷன்' என்ற பெயரில் அது இசைத்தொகுப்பாகவும் வெளிவந்தது. வானின் விரைவும் வீச்சும் கிங்கிடம் இல்லை. ஆனால் வான் நூறு சுரங்களில் சொன்னதற்குக் கிங் நான்கில் மறுமொழி தரும்போது, அறையின் உரிமையாளர் யார் என்பதில் ஐயமே எழுவதில்லை. வான் அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டு பின்னே நிற்கிறார். 1992 டிசம்பர் 21 அன்று மெம்ஃபிஸில் மாரடைப்பால் இறப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புவரை கிங் மேடையில் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அந்தக் கச்சேரிதான் கடைசி.

பழையதட்டு எழுதியது:

தென்கரை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், குறிப்பாகக் காதுக்கும் கைக்கும் இடையே அவர் காட்டிய வேறுபாட்டை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கையைத் திருத்த ஆளில்லாததால் இழந்தவையும் உண்டு. கிங் கார்டுகளை வாசித்துப் பாடகருக்குத் துணைநிற்கும் கலைஞராக ஒருபோதும் ஆகவில்லை. 1969-இல் ஸ்டீவ் குராப்பர், பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட 'ஜாம்டு டுகெதர்' தொகுப்பில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. குராப்பர் தாளக்கட்டைத் தாங்குகிறார், ஸ்டேபிள்ஸ் அதிர்வொலியோடு நிரப்புகிறார். கிங் தம் முறை வரும்வரை காத்திருந்து, வந்ததும் தனி வாசிப்பை வாசித்துவிட்டு விலகிக்கொள்கிறார். பிறர் சேர்ந்து கட்டும் கட்டடத்தில் அவர் எப்போதும் கோபுரம்தான், சுவர் அன்று. பின்னணிக் கலைஞராகப் பிழைக்க வேண்டியிருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்காது. தம் பெயரில் ஒரு குழுவை நடத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அதனாலேயே குழு உறுப்பினர்களிடம் கண்டிப்பானவர் என்ற பெயரும், பயணப் பேருந்தைத் தாமே ஓட்டும் பழக்கமும் அவருக்கு வாய்த்தன.

ஆறுதந்தி எழுதியது:

இடக்கைவாசி கேட்ட நடைமுறைக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் நேரடியாக மறுமொழி சொல்லவில்லை. நீங்கள் கார்டு வாசித்துப் பாடவும், பலவகை இசைகளில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கவும் விரும்பினால், இடக்கைக் கிட்டார் வாங்குங்கள், அல்லது ஹெண்ட்ரிக்ஸைப்போல் வலக்கைக் கிட்டாரைத் திருப்பித் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டுங்கள். பயிற்சி நூல்களும் காணொளிகளும் அப்போதுதான் உங்களுக்குப் பயன்படும். தந்திகளை மாற்றும்போது தந்தி அமரும் மேல்முனைப் பள்ளத்தையும் மாற்ற வேண்டும். தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடி இரையும். இந்த வேலையைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

தலைகீழாகவே வாசிப்பது என்று முடிவெடுத்தால், தந்திகளை ஒரு முழுச்சுரமாவது தாழ்த்திக்கொள்ளுங்கள். மெல்லிய தந்திகளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பெண்டு செய்யாமல், போய்ச் சேர வேண்டிய சுரத்தை அதன் ஃப்ரெட்டிலேயே வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ள ஃப்ரெட்டிலிருந்து அந்த உயரத்துக்கு இழுங்கள். ஒரே விரலால் இழுக்காமல் மூன்று விரல்களைச் சேர்த்து இழுத்தால் விரல்முனை கிழியாது. 'பெர்சனல் மேனேஜர்' பாடலில் நீண்ட தனிப்பகுதி வருகிறது. வேகம் குறைவு, ஒவ்வொரு இழுப்பும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது தெளிவாகக் கேட்கும். தொடக்கப் பாடமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள், 'கிராஸ்கட் சா' அதற்குப் பிறகு.